அறுநூறு சிப்பி

ஸ்ட்ரோம்னெஸ் துறைமுகத்தில்
ஐஸ் ஆலைக்குப் பின்னால் என் பட்டறை.
மேஜைமேல் இரண்டு ரெகுலேட்டர்கள்.

ஒன்று எர்லண்டுடையது.
பித்தளை, பத்தொன்பது வயது.
வாய்ப்பிடியில் அவன் கடைவாய்ப் பல்லின் பள்ளம்.
கடலடியில் குனிந்து
விசிறிச் சிப்பி பொறுக்குகிறவன்,
வாரம் நான்கு நாள்,
இருபத்து நான்கு மீட்டர் ஆழத்தில்.

மற்றது அபர்டீன் பல்மருத்துவர் ஒருவருடையது.
டைட்டானியம். கையில் எடுத்தால்
எடுத்த மாதிரியே இருக்காது.
வருடத்தில் ஒரு வாரம் வந்து
மூழ்கிய கப்பல்களை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

இரண்டையும் திறந்தேன்.
உள்ளே ஏறக்குறைய ஒரே பிழைப்பு:
சுருள்வில், மிளகளவு இருக்கை,
சில ரப்பர் வளையங்கள்.
இருநூறு பார் அழுத்தத்தில் சீறும் காற்றை
மடக்கி, அடக்கி,
ஒரு வாய் மூச்சாக்கித் தர
வேறென்ன வேண்டும்?

பித்தளைக்குள் சுத்தம்.
டைட்டானியத்துக்குள் உப்புப் பூத்திருந்தது.
மூன்று வருடத்து உப்பு.
வாங்கிய விலையை மூன்று தடவை சொன்னவர்
கழுவினீர்களா என்று கேட்டதும்
ஜன்னலைப் பார்த்தார்.

அதனால்தான் கேட்டவர்க்கெல்லாம் சொல்லிவந்தேன்,
காசைக் கரியாக்காதே,
இருப்பதை வருடம் தவறாமல் என்னிடம் கொண்டு வா என்று.
(அதில் என் வயிறும் இருக்கிறது. மறைக்கவில்லை.)

பிப்ரவரி வந்தது.
தண்ணீர் ஆறு டிகிரி.
நிறைந்த பையை மேலே தூக்க
பலூனுக்குள் காற்றை விட்டான் எர்லண்ட்;
அதே நொடியில் தானும் ஒரு மூச்சு இழுத்தான்.
பித்தளைக்குள் ஈரம் பனியாக இறுகியது.
திறந்த வால்வு மூடவில்லை.
உடைந்த தெருக்குழாய் போல
வாய்க்குள், முகத்தில், கண்ணாடிமேல்
காற்று, காற்று, காற்று.
காற்றே மூச்சை அடைக்குமென்று
அன்றுதான் தெரிந்ததாம்.

ஐந்தடி தள்ளி மெரன் இருந்தாள்.
தன் உபரி வாய்க்கருவியை அவன் பல்லிடுக்கில் திணித்தாள்.
ஒரே சிலிண்டரில் இரண்டு பேர்,
ஒருவர் தோள்பட்டையை ஒருவர் பிடித்தபடி,
அவசரப்படக் கூடாத அந்த ஏற்றம்.
பை கடலடியிலேயே கிடக்கிறது.

மறுநாள் வந்து பித்தளையை மேஜையில் வைத்தான்.
திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.
திறந்து பார்த்தேன்.
டிசம்பரில் நானே மாற்றிய வளையங்கள்,
நானே வைத்த அளவு.
ஒரு குறையும் இல்லை என்றேன்.
அதுதான் சங்கடம்.

குளிருக்கென்றே செய்தது என்ன விலை?
உள்ளே நீர் புகாமல் அடைத்தது,
சிலிண்டர் வற்றினாலும் மூச்சு கனக்காதது?
அறுநூறு பவுண்ட்.
உதடு அசைய எண்ணினான்.
'அறுநூறு சிப்பி.
நல்ல நாளென்றால் ஒரு நாள்.
இந்தக் காற்றில் ஒரு வாரம்.'
பிறகு கேட்டான்,
'அந்த விலைக்குத் தகுமா?'

உயிர் என்ன வெல்லமா என்று
சட்டென்று சொல்லியிருக்கலாம், கடைக்காரி மாதிரி.
அதுவும் உறையும், கொஞ்சம் தாமதமாக
என்று சொல்லியிருக்கலாம், மெக்கானிக் மாதிரி.
இரண்டும் உண்மை.
நான் திருப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வேனிலிருந்து இறங்கி வந்தாள் மெரன்.
ஈரக் கையுறையோடு நோட்டுகளை எண்ணினாள்.
'முன்னூறு என் பங்கு.
இனிமேல் என் காற்றில் கை வைக்காதே.'

அவன் சிரிக்கவில்லை. அவளும்தான்.
ரசீதில் யார் பெயர் எழுத என்று கேட்டேன்.
இருவரும் கடலைப் பார்த்தார்கள்.

பித்தளையை விட்டுவிட்டுப் போனான்.
ஜூன் மாதம், எட்டு மீட்டர் ஆழத்தில்,
பாசிக் காட்டுக்குள் வெயில் இறங்கும் இடத்தில்,
நான் அதில்தான் மூச்சு விடுகிறேன்.
அருமையாக வருகிறது.

வாய்ப்பிடியை மட்டும் இன்னும் மாற்றவில்லை.
அவன் பள்ளத்தில்
என் பல் பொருந்தவே மாட்டேன் என்கிறது.