இடது கார்னர்

இருபத்தெட்டாவது நிமிஷம்.
ஆலங்குளத்து லைட்டுக்கடியில் ஈசல் அப்பிக்கொண்டிருக்க
ஜெபக்கனி பாடி வந்தாள்.
போனஸ் கோட்டுக்கு அவள் நீட்டிய காலை
கணுக்காலோடு அள்ளினேன்.
நல்ல பிடி.
அதே நொடியில் என் காலையும்
யாரோ பிடித்துவிட்டார்கள்.

யாருமில்லை.
என் கெண்டைக்கால்தான்,
கரையில் எறிந்த கெண்டை மாதிரி
ஒருதரம் துள்ளியது,
பிறகு கல்.

"கொரக்களி புடிச்சிட்டு!"
கத்தியது நான்தானா, தெரியவில்லை.
விசில் ஊதியதும் அவள் அவுட் ஆனதும்
பலகையில் முக்கூடலுக்கு ஒரு புள்ளி ஏறியதும்
தோலுக்கு வெளியே எங்கோ நடந்தன.

தண்ணி குடிச்சிருக்க மாட்டா, என்றது கூட்டம்.
உப்பெல்லாம் வேர்வையில போயிட்டு என்றார்
சோடாக்காரர். அவரிடம் விற்க உப்புச் சோடா இருந்தது.
அமிலம் கட்டிக்கிட்டு, என்றார் கோச்.
அமிலம் என்றால் எனக்கு
பாட்டிலில் விற்கும் கக்கூஸ் கழுவுகிற சாமான்தான்.
முதலுதவிப் பெட்டியோடு ஓடிவந்த
மேலப்பாளையத்து ஷம்சாத் மட்டும்
"சரியா யாருக்குமே தெரியாதுக்கா" என்றாள்.
ஹைகிரவுண்டில் படிக்கிறவள்.
தெரியாது என்றதால் நம்பினேன்.

அவள் சொன்னதில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவு:
தசைக்குள் நூல் நூலாக அடுக்கு.
நூலில் எல்லாம் குட்டிக் குட்டிக் கைகள்.
பிடித்து இழுக்க அவற்றுக்குக் கூலி வேண்டும்.
விடுவதற்கும் வேண்டும்.
அதைக் கேட்டதும் வலியோடு சிரிப்பு வந்தது.
பிடிக்கத்தானே பலம் வேண்டும்,
விடுவது சும்மா நடக்கும் என்றல்லவா
இத்தனை சீசன் ஆடியிருக்கிறேன்.

சோர்வு எனக்குத் தெரியும்.
ஆயிரம் பீடிக்கு எழுநூறைத் தாண்டினால்
இலை கிழியும், நூல் தளரும்,
விரல் சொல்லிவிட்டுத்தான் நிற்கும்.
இது அப்படி இல்லை.
ஓடி ஓடிக் களைத்த கால் ஒன்றில்
'இழு' என்கிற நரம்பின் குரல் ஓங்கிவிடுமாம்.
'போதும்' என்கிற நரம்பு
அசந்து தூங்கிவிடுமாம்.
அப்படித்தான் இருக்கும் என்றாள்,
அப்படித்தான் என்று சொல்லவில்லை.

அவுட் ஆனவள் வெளியே போக வேண்டும்.
ஜெபக்கனி போகவில்லை.
போக முடியவில்லை.
விசில் ஊதி இவ்வளவு நேரமாகியும்
அவள் கணுக்காலை நான் விட்டிருக்கவில்லை.

"ஏட்டி, மொதல்ல என் கால விடு.
அப்பத்தான் ஒங் கால நான் புடிக்க முடியும்."

காலைப் பிடிப்பது என்றால் ஊரில் வேறு அர்த்தம்.
கழித்த பீடிக் கட்டைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி
கம்பெனிக் கணக்குப்பிள்ளையிடம்
அந்த அர்த்தத்தில் பிடித்திருக்கிறேன்.
இவள் எதிரே மண்ணில் உட்கார்ந்து
என் குதிகாலைத் தன் வயிற்றில் முட்டுக் கொடுத்து
விரல்களை என் பக்கமாக வளைத்தாள்.
மெதுவாக,
வளைத்த இடத்திலேயே நிறுத்தி.

உயிர் போய்த்தான் வந்தது.
கெண்டைக்காலின் அடிவாரத்தில்
தூங்கிய ஒன்றை
யாரோ இழுத்து எழுப்பியது போல.
போதும்,
போதும் என்று அது முணுமுணுக்க
கல்லுக்குள் ஒரு ஓரம் இளகியது.

"எத்தன ரெய்டு வந்தேன், ஒன்னுலயும் நீ
ஒக்காரவே இல்லியே" என்றாள்.
பாராட்டா திட்டா, கேட்கவில்லை.
எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு
அவள் பக்கத்துப் பெட்டிக்குப் போனாள்.

இரண்டு புள்ளியில் தோற்றோம்.
என் இடத்தில் இறங்கிய சின்னவள்
கடைசி ரெய்டில் கோட்டை மிதித்துவிட்டாள்.
கடைசி பஸ்ஸில் முக்கூடல் வரை
இடது காலை நடைபாதையில் நீட்டியிருந்தேன்.
கண்டக்டர் தாண்டித் தாண்டிப் போனார்.

மறுநாள் சம்மணம் போட முடியவில்லை.
முறத்தை வலது தொடையில் சாய்த்து
ஐந்நூறு சுற்றினேன்.
பாதிக் கூலி.
அவள் கணுக்காலில்
இந்நேரம் என் ஐந்து விரலும்
கன்றியிருக்கும்.