கால் சுற்று

முதலில் படிக்கட்டை அளந்தேன்.
பதினான்கு படி, நடுவில் ஒரு திருப்பம்,
அங்கே சுவர் தோளில் இடிக்கும்.
லேத் வாங்க நினைப்பவர்களுக்கு
யாரும் இங்கிருந்து தொடங்கச் சொல்வதில்லை.

ஸ்ட்ரோம்னெஸ்ஸில் வீடுகள்
கடலுக்கு விலாவைக் காட்டி
நெருக்கியடித்து நிற்கும்.
என் பட்டறை மாடியில்,
துணி அலமாரியைத் தூக்கிவிட்ட அறை.
"தரைப்பலகை நூறு கிலோ தாங்கலாம்"
என்றார் இங்க்ராம்.
அந்த 'லாம்' மேல்தான்
ஆறு மாதம் நின்றுகொண்டிருந்தேன்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள்.
என் விரல் இவ்வளவுதான்:
உள்ளங்கையில் அடங்கும் நீராவி எஞ்சின்,
ஒற்றை சிலிண்டர்,
ஃபிளைவீல் எழுபத்தைந்து மில்லிமீட்டர்.
சின்ன லேத் போதும் என்றது கணக்கு.
போதும் என்பதும் ஒரு வார்த்தையா
என்றது ஆசை.
ஃபெர்ரிக் கூலிக்காரன்
இரண்டையும் கேட்டுக்கொண்டு
எடை என்ன என்றான்.

கிர்க்வாலுக்கு வெளியே
மான்சி இஸ்பிஸ்டரின் தகரக் கொட்டகையில்
ஒரு பழைய லேத் இருந்தது.
இருநூறு கிலோ. புதுப் பச்சைப் பெயிண்ட்.
புதுப் பெயிண்ட் பூசிய பழைய இரும்பைப்
பார்க்கக் கூடாது, தொட வேண்டும்.
சேடிலைத் தள்ளினேன்:
சக்கின் பக்கத்தில் வெண்ணெய்,
கடைக்கோடியில் கல்.
அதன் ஆயுள் முழுக்க
அந்த ஒரு சாண் தூரத்திலேயே
தேய்ந்திருக்கிறது.

ஓடவிடச் சொன்னேன்.
பத்தொன்பது வருடம்
பல் டாக்டருக்குப் பக்கத்தில் நின்ற காது என்னுடையது.
டிரில் பல்லைத் தொடுவதற்கு முன்பே
பேரிங் அழுவது எனக்குக் கேட்கும்.
இது அழவில்லை. முனகியது.
குறுக்கு ஸ்லைடின் கைப்பிடியைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
கால் சுற்று வெறுமனே போன பிறகே
ஸ்லைடு கிளம்பியது.
(இங்க்ராமும் அப்படித்தான்.
சொன்னதும் தலையாட்டுவார்,
கால் சுற்று கழித்தே அசைவார்.
அவரோடு வாழப் பழகிவிட்டேன்,
எப்போதும் ஒரே பக்கமிருந்து வர வேண்டும்.)

மான்சியைக் கடைந்தெடுத்த வியாபாரி என்பார்கள்.
அன்று அவர் சொன்னது:
"இது உன் மாடிக்கு வராது.
வந்தாலும் நீ எஞ்சின் செய்யமாட்டாய்,
இதைச் சரிசெய்துகொண்டே இருப்பாய்."
பிறகு ஒரு மைக்ரோமீட்டரை
நாற்பது பவுண்டுக்கு என் தலையில் கட்டினார்.
வியாபாரம் வியாபாரம்தான்.

புதியது மரப்பெட்டியில் வந்தது.
ஐம்பத்தைந்து கிலோ, உடம்பெல்லாம்
சிவப்புப் பிசுக்கு.
திருப்பத்தில் சுவரைப் பெயர்த்தோம்,
கொஞ்சம்தான்.

மில்லிங் மெஷினுக்கு எடுத்துவைத்த பணம்
எங்கே போனது?
டூல் பிட்டுக்கு, நான்கு தாடைச் சக்குக்கு,
டயல் கேஜுக்கு, அதைப் பிடிக்கும் காந்தத்துக்கு,
பித்தளைத் தண்டுக்கு, எண்ணெய்க்கு,
இன்னும் ஒரு டூல் பிட்டுக்கு.
லேத்தின் விலை என்று எழுதியிருந்தது
உள்ளே நுழைகிற டிக்கெட்டின் விலை.

முதல் துண்டு பித்தளை.
இருபது மில்லிமீட்டர் வேண்டும்.
சக் பக்கம் சரியாக இருபது.
வெளி நுனியில்
நூற்றில் மூன்று கூடுதல்.
டூலுக்கு முதுகு வளைத்திருக்கிறது தண்டு.
கண்ணுக்குத் தெரியாது,
நகத்துக்கும் தெரியாது,
மான்சியின் மைக்ரோமீட்டர் மட்டும்
மறைக்காமல் சொன்னது.
அதைத் தூக்கிப் போடவில்லை.
சமையலறை ஜன்னலில் நிற்கிறது.
விருந்தாளிகள் அழகு என்கிறார்கள்.

சிலிண்டரின் நீராவி வழிகளை வெட்ட
மில் இல்லாமல் முடியாது.
லேத்திலேயே ஒரு ஸ்லைடை மாட்டிச்
சமாளிக்கலாம் என்கிறது கைப்புத்தகம்.
மறுபடியும் ஒரு 'லாம்'.

அறையின் மூலையில், தரையில்,
காகித டேப்பால் ஒரு சதுரம் ஒட்டியிருக்கிறேன்.
மில்லின் அடிப்பாகம் அவ்வளவுதான் இருக்கும்.
ஒன்றும் கேட்கவில்லை, சொல்லவுமில்லை.
நேற்று இரவு கரண்ட் போனது.
இரண்டு கோப்பைத் தேநீரோடு
இருட்டில் வந்த இங்க்ராம்
அந்தச் சதுரத்தை மிதிக்காமல்
சுற்றிக்கொண்டு வந்தார்.