கல்பிறை

பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போகிற ரோட்டில்
படிவம் நிரப்பும் கடை என்னுடையது.
இருபது வருஷமாய் எல்லோரும் தடுக்கி விழுவது
ஒரே கட்டத்தில்:
குடும்பப் பெயர்.
"எங்களுக்கு அதெல்லாம் கிடையாதும்மா" என்பார்கள்
ரேஷனில் இந்த மாசம் பருப்பு இல்லை என்பதுபோல.
அப்பா பேரைப் போடுங்க என்பேன்.
அப்படித்தான் தோஹாவில் ஒலிபெருக்கி
மகனைத் தேடி அப்பனைக் கூப்பிடுகிறது.
அப்பன் செல்லூரில் டீ ஆற்றிக்கொண்டிருக்கிறார்.

என் பெயர் க. பஞ்சவர்ணம்.
கல்யாணமாகியும் மாற்றவில்லை,
சோம்பல்தான் காரணம்.
கந்தசாமியா கருப்பையாவா என்பார்கள்.
கல்பிறை.

மில்லில் பாய்லர் பார்த்த ஸ்காட்லாந்துக்காரர்,
கால்பிரெய்த்.
மதுரை நாக்கு ஒரே வாரத்தில்
கல்லையும் நிலவையும் ஒட்டிக் கொடுத்துவிட்டது.
நீராவிக் குழாய் வெடித்த ராத்திரி
ஃபயர்மேன் மொட்டையச்சாமியைத்
தோளில் அள்ளி வெளியே போட்டாராம்.
அந்த மாசமே மொட்டையச்சாமிக்குப் பிள்ளை பிறந்தது.
குலசாமி பேர் போகாத கோபத்துக்கு
ஒரு சேவல்.
பிள்ளை என் அப்பா.

போன ஆவணியில்
மோரக் கால்பிரெய்த் என்று ஒருத்தி வந்தாள்.
கிளாஸ்கோவில் பல் டாக்டர்.
மில் கேட்டில் யாரோ என் கடையைக் காட்டியிருக்கிறார்கள்.
சுருட்டிய தாளை விரித்தாள்,
லேமினேஷன் மெஷினை ஓரம் தள்ளியும்
மேசை போதவில்லை.
எண்ணூறு வருஷம்
அப்பனிடமிருந்து பிள்ளைக்குச் சிந்தாமல் வந்த பெயர்.
ஏரிக்கரையில் கோட்டை,
கொடியில் மூன்று கரடித் தலை,
கடன், கோட்டை போனது,
கடல் தாண்டி அயர்லாந்து,
அங்கே கிழங்கு அழுக மறுபடி கப்பல்,
பாதிப் பேர் கனடா, மீதி டண்டீயில் சணல் மில்.
மதுரைக்கு இறங்கிய கோட்டின் நுனியில் மட்டும்
கேள்விக்குறி.
காய்ச்சலில் போனார், கல்யாணம் இல்லை,
கல்லறையில் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது என்றாள்.
இந்தக் கிளை இங்கே முடிகிறது.

நான் இருக்கிறேனே என்று வாய்வரை வந்தது.
எந்த ரத்தம் என்பாள்.
ரத்தம் ஒன்றும் இல்லை,
தோளில் தூக்கிய கணக்கு.

பேருக்கு அர்த்தம் உண்டா என்று கேட்டுவைத்தேன்.
அவர்களுடைய பழைய பாஷையில்
வேற்று பிரிட்டன்காரன்.
இவர்களாக வைத்துக்கொண்டது இல்லையாம்,
அக்கம்பக்கத்தில் கூப்பிட்டது.
"அசலூரான்னு சொல்லுங்க" என்று சிரித்துவிட்டேன்.
அவளுக்கு விளங்கவில்லை,
அவளும் சிரித்தாள்.

தாது வருஷப் பஞ்சத்தில்
முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து நடந்து வந்தவர்கள் நாங்கள்.
வைகையில் கை நனைத்த நாளாய்
எங்களுக்குப் பெயர் கிழக்கத்தியான்.
நூறு வருஷம் கழிந்தும்
குழாயடியில் குடம் இடித்தால்
முதலில் வந்து விழுவது அதுதான்.
எந்த ரிஜிஸ்டரிலும் ஏறவில்லை,
எந்தக் கொடியிலும் இல்லை,
எங்களைவிட்டுப் போனதும் இல்லை.

தமிழில் எழுதிக் காட்டச் சொன்னாள்.
க, ல், பி, றை.
நாலே எழுத்தா என்றாள்.
தூக்கிக்கொண்டு நடந்ததில் தேய்ந்திருக்கும் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை இந்த முறை.

உங்கள் பெயர்போல எங்களுடையது நடக்காது,
ஒரு தலைமுறைக்குத்தான் அதற்குக் கால்
என்று எப்படியோ விளக்கினேன்.
அப்பா பெயர் என் தலையில் ஓர் எழுத்து.
என் மகனுக்கு அவன் அப்பாவின் மு.
பேத்திக்கு என்னவோ.

அவள் பென்சிலை எடுத்து
கேள்விக்குறிக்குக் கீழே
கோடு போடத் தொடங்கி, யோசித்து,
புள்ளி புள்ளியாக இழுத்தாள்.
நுனியில் எழுது என்று தாளை என் பக்கம் திருப்பினாள்.

அதற்குள் திருப்பாச்சேத்திக்காரர் ஒருவர்
படிவத்தில் விரலை ஊன்றிக்கொண்டு,
"இதுக்கு என்னம்மா போட?"

இருங்கண்ணே என்றேன்.
க என்று எழுதிப் புள்ளி வைத்தேன்.
பேனா அந்த இடத்தில்
கொஞ்சம் அதிகமாகவே மை கக்கியது.