எடை, கிலோகிராமில்

பாசல், ட்ரைஸ்பிட்ஸ் கிடங்கில்
பதினொரு வருஷமாய் ஓவியம் தூக்குகிறேன்.
முன்பக்கம் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை.
மாட்டும்போது மூக்கு முட்ட நிற்பவனுக்கு
ஒரு நீலம் தெரியும், ஒரு வெடிப்புத் தெரியும்,
குதிரை தெரியாது.

பின்பக்கம் கேளுங்கள், சொல்கிறேன்.
துருவேறிய ஆணி, மூன்று நாட்டுச் சுங்க முத்திரை,
யாரோ பென்சிலால் கூட்டிப் பார்த்த கடைக்கணக்கு,
'மேல்' என்று ஓர் அம்பு.
கோடும் புள்ளியுமாய் இருக்கும் படங்களில்
அந்த அம்பு இல்லாவிட்டால்
ரேட்டோ முகத்தை நான் பார்ப்பேன், என் முகத்தை அவன்.
ஒருமுறை இரண்டு ஃப்ராங்க் காசைச் சுண்டித்தான் முடிவெடுத்தோம்.
எந்தப் படம் என்று கேட்காதீர்கள்.
இன்னும் அப்படியேதான் தொங்குகிறது.

வெளிச்சத்தைத் துரத்திப் போன பழைய ஆட்கள்
எடையில் கோழிக்குஞ்சு. சட்டம்தான் கனம்,
பொன்முலாம் பூசிய பணக்கார வீட்டுச் சட்டம்.
க்யூபிசம் வந்ததும் சட்டம் மெலிந்தது.
உடைத்த கிட்டார்கள் பெட்டிக்குள்
சமர்த்தாய்ப் படுத்துக்கொள்ளும்.
தாதாக்காரருக்குப் பெட்டி செய்வதுதான் தலையிடி.
எது படைப்பு, எது அதில் ஒட்டிய குப்பை என்று
ஃப்ளூரினா பட்டியல் போட்டுத் தருவாள்.
நுரைப்பஞ்சில் சீப்புக்கு ஒரு குழி வெட்டுவேன்.
கிழிந்த ட்ராம் டிக்கெட்டுக்கு ஒரு குழி.
குறைவே நிறைவு என்று பிறகு வந்தவர்கள்
இரும்பை இரும்பாகவே வைத்துவிட்டுப் போனார்கள்.
எண்ணூறு கிலோக் குறைவு.
என் இடுப்பு அதை மறக்கவில்லை.

போன பெப்ரவரியில் ஒரு தபால் உறை வந்தது.
பெட்டி இல்லை, நுரைப்பஞ்சு இல்லை.
காப்புறுதித் தொகையில்
சைபர்களை இரண்டு தரம் எண்ணினேன்.
உள்ளே ஒரு தாள், தட்டச்சில்:
இதை வாசிப்பவரின் தோள் உயரத்தில்
அறையைச் சுற்றி, நிற்காமல், ஒரு பென்சில் கோடு.

ரேட்டோ கண்ணாடி கொண்டுவரவில்லையாம்.
ஃப்ளூரினா கையுறையை மாட்டிக்கொண்டே
"நீதானே முதலில் வாசித்தாய்" என்றாள்.

நாற்பத்தேழு மீற்றர்.
பத்தாவதில் கை உளைந்தது.
கதவு மூலையில் செருமினேன்,
கோடும் செருமியது.
ரப்பரை யாரும் நீட்டவில்லை.
நிற்காமல் என்று எழுதியிருக்கிறதே.

திறப்பு விழாவில் வைன் கிளாசோடு
உயரமான மனிதர்கள் குனிந்து பார்த்தார்கள்.
அடிவானம் என்றாள் ஒருத்தி.
எல்லை, எல்லை என்றார் சால்வைக்காரர்.
அது ஐந்தடி நாலங்குல ஆளின் தோள் என்று
நான் போய்ச் சொல்லவில்லை.
பள்ளிக்கூடத்தோடு வந்த ஒரு பெடியன் மட்டும்
முதுகைச் சுவரோடு ஒட்டி நின்று
உச்சந்தலை கோட்டைத் தொடுகிறதா என்று
உள்ளங்கையால் அளந்தான்.
காவலாளி அதட்டினார்.
எனக்கு ஏதோ விளங்கினமாதிரி இருந்தது.
என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆறு வாரம். பிறகு உருளை, வெள்ளைப் பெயின்ட்.
என் கோட்டை நானே அழித்தேன், சம்பளத்துக்கு.
இரண்டு பூச்சில் எல்லாம் போனது,
கதவு மூலைச் செருமலைத் தவிர.
அதற்கு மூன்றாவது.

திரும்பிப் போகும் உறைக்குப் படிவம் நிரப்பினேன்.
சேதம்: இல்லை.
எடை: 0.011.
தராசில் வைத்துப் பார்த்தேதான் எழுதினேன்.
வந்தபோது எழுதியதும் அதுவே.
பேனாவை மூடாமல் கொஞ்சநேரம் இருந்தேன்.
வெளியே ரேட்டோ லொறியைப் பின்னுக்கு எடுத்தான்.
வரட்டும், வரட்டும், இன்னும் வரட்டும் என்று கத்த
அவனுக்கு ஓர் ஆள் வேணும்.