உள்ளே இருப்பதாகக் கணக்கு

தை பிறந்தும் விடாத உறைபனி.
ஸ்கூட்டர் சீட்டெங்கும் உப்புப் பூத்த மாதிரி.
கையுறையால் தேய்த்தால் போகாது,
வெந்நீர் ஊற்றினால் ரெக்ஸின் வெடிக்கும்.
பர்ஸிலிருந்து மெட்ரோ அட்டையை எடுத்துச் சுரண்டினேன்.
சுருள் சுருளாக வந்தது.

நான்கு வருடம் சென்னையில்
எனக்குக் கதவு திறந்த அட்டை.
இருநூற்றுப் பதினான்கு ரூபாய் இன்னும் கிடக்கிறது அதற்குள்.
ஆனால் எந்தக் கதவும் இனி அதை ஏற்காது.
கணக்குப்படி
நான் இன்னும் வெளியே வரவில்லை.

அந்த ரயிலுக்கு இரண்டே கேள்விகள்:
எங்கே நுழைந்தாய், எங்கே வெளியேறினாய்.
கிண்டியில் தொட்டு நங்கநல்லூரில் தொட்டால்
இரண்டு ஸ்டேஷன், டீக்காசு.
நடுவில் ஆலந்தூரில் இறங்கி
நீலத்திலிருந்து பச்சைக்கு மாறி
கோயம்பேடு வரை போய்
எதிர் பிளாட்பாரத்தில் ஏறித் திரும்பி வந்தாலும்
அதே இரண்டு ஸ்டேஷன்தான்.
கோடு மாறும் இடத்தில் கதவு கிடையாது.
ஒரு நகரும் படி, அவ்வளவே.

முபாரக் வடபழனியில் நுழைவான்,
அடுத்த ஸ்டேஷனில் வெளியேற வேண்டியவன்.
ஆறு பேர் அறையில் அவனுக்கு,
எனக்கு ஹாஸ்டல் வார்டன்.
இந்த ஊரில் இரண்டு பேர் உட்கார்ந்து பேச
இதைவிட மலிவான குளிர் இல்லை என்பான்.
எங்கள் ஊர்க் குளிருக்குக் காசே கிடையாது என்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பேச்சு நீண்டுவிட்டது.
நங்கநல்லூர்க் கதவு சிவப்பாய்க் கத்த,
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்
திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"ரெண்டு ஸ்டேஷனுக்கு ரெண்டே முக்கால் மணி நேரமா?
உள்ளே என்ன மேடம் பண்ணீங்க?"
தூங்கிட்டேன் என்றேன்.
காது மடல் சுட்டது.
அபராத ரசீதில் காரணம் அச்சாகியிருந்தது:
அதிக நேரம் தங்கியது.
அதை முபாரக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டான்.

பிறகு ஒரு மழை நாள்.
ஆலந்தூரில் மூன்று ரயில்களை விட்டுப் பார்த்தேன்.
நான்காவதையும்.
அலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது.
தெருவில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்க
ஊழியர்கள் எல்லாக் கதவையும் திறந்துவிட்டார்கள்.
"டச் பண்ண வேணாம், போங்க, போங்க."
போனேன்.
முழங்கால் தண்ணீரில்
செருப்பு ஒன்று போனதுகூடத் தெரியாமல்.

அடுத்த வாரம் நீலகிரி எக்ஸ்பிரஸ்.
விடிந்ததும் மேட்டுப்பாளையத்தில் மலை ரயில்.
குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி
டீசலை மாட்டினார்கள்.
எல்லோரும் இறங்கினோம், வர்க்கி தின்றோம், ஏறினோம்.
யாரும் எதையும் தொடச் சொல்லவில்லை.
கேத்தியில் சீட்டு வாங்கக்கூட ஆளில்லை.
கசங்கிய சீட்டோடு கொஞ்ச நேரம் நின்றேன்,
பழக்க தோஷம்,
எங்கிருந்தாவது ஒரு பீப் வருமா என்று.

இப்போது பாலாடாவில்
கேரட் கழுவும் இடத்தில் கணக்கு எழுதுகிறேன்.
லாரி உள்ளே வரும்போது ஒரு எடை,
போகும்போது ஒரு எடை.
நடுவில் இருப்பதுதான் கேரட்.
இங்கே அதற்குத்தான் காசு.

போஜண்ணன் இன்றிரவு லோடு ஏற்றுகிறார்,
கோயம்பேட்டுக்கு.
அட்டையைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.
"கொடும்மா. ஸ்டேஷன்ல காட்டினா
சரி பண்ணிடுவாங்களாம்.
இருநூறு ரூபா சும்மா கிடக்குதே."

கொடுக்கத்தான் எடுத்தேன்.
ஓரத்தில் ஈரம் இருந்தது, துடைத்தேன்.
அங்கே ஒரு பெண் திரையைப் பார்ப்பாள்.
எத்தனை நாள் உள்ளே என்று எண்ணுவாள்.
ஒரு பொத்தான் அழுத்துவாள்,
நான் வெளியே வந்துவிடுவேன்.

"இருக்கட்டும் அண்ணா" என்றேன்.
"நாளைக்கும் பனி விழும்.
சீட்டைச் சுரண்டணும்."