ஒரு இஞ்ச்

மந்தைவெளி டிப்போவுக்கு எதிர்ச் சந்தில்
மருந்துக்கடை மாடிப்படிக்குக் கீழே என் கடை.
நிமிர்ந்தால் படி இடிக்கும்.
பதினெட்டு வருஷமாகக் குனிந்தே அளவெடுத்ததில்
முகங்கள் எனக்குப் பிந்தித்தான் ஞாபகம் வரும்.
முதலில் தோள், மார்ச்சுற்று, கைச்சுற்று.

போன ஆடித் தள்ளுபடிக்கு அப்புறம்
நோட்டில் பழைய எண்கள் நகர ஆரம்பித்தன.
பார் வகுப்பு என்றார்கள்.
சுவரோடு ஒரு கம்பி. அதைப் பிடித்தபடி
எட்டு எட்டாக எண்ணிக்கொண்டே மடங்கி எழ வேண்டுமாம்.
கம்பி எண்ணுவதற்குக் காசு கட்டுவதை
இப்போதுதான் கேள்விப்படுகிறேன் என்றேன்.
வைஜயந்தி சிரிக்கவில்லை,
வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்திருந்தாள்.

அவள் போவது அடையாறு.
பியானோ, வழுக்காத சாக்ஸ், பாலே நடனத்தின் மிச்சம்.
குதிகால் ஒட்டி, முன்பாதம் விரித்து,
தலையில் குடம் இருப்பதுபோல் இறங்கி ஏறுவது.
நாலு மாதத்தில் இடுப்பு ஒரு நூல்கூடக் குறையவில்லை.
ஆனால் பின்உயரம் பதினாலாக இருந்தது
பதினாலரை கேட்கிறது.
ஐம்பத்திரண்டில் எலும்பு வளராது.
எங்கோ மடித்துத் தைத்திருந்ததைப்
பிரித்துவிட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

ப்ரமிளாவுக்கு நுங்கம்பாக்கம்.
அங்கே டிரம்ஸ் அடிக்கும், கண்ணாடி அதிரும்.
கையில் ஒரு கிலோ, காலில் ரப்பர் பட்டை,
தொடைகளுக்கு நடுவே நசுங்கும் ஒரு பந்து.
கைச்சுற்று பதிமூன்று பதினொன்றரை ஆயிற்று.
தோள் ஓரத்தில் சின்னதாய் ஒரு மேடு எழும்பி
என் வெட்டுக்கு அடங்க மறுக்கிறது.
கையே வேண்டாம் அக்கா என்கிறாள்,
நேற்றுவரை முழங்கை மூடியவள்.

அண்ணா நகரில் தேன்மொழி போவது
யோகாவும் பிலாட்டிஸும் கலந்த நிதானம்.
கம்பியை விரல் நுனியால் தொட்டுக்கொண்டு
ஒரு காலை உயர்த்தி
குக்கர் மூன்று விசில் விடும் நேரம் அப்படியே நிற்பதாம்.
அளவு எதுவும் மாறவில்லை.
ஆனால் டேப்பைச் சுற்றும்போது
மூச்சைப் பிடிப்பதை நிறுத்திவிட்டாள்.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியாமல்
ஒரு புள்ளி வைத்தேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம்
மூவரும் ஒரே நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டார்கள்.
எது இறுக்கும், எது செதுக்கும் என்று
படிக்கட்டு வரை வாக்குவாதம்.
நான் ஹூக் வைத்துக்கொண்டிருந்தேன்.
செதுக்கினால் உதிர்ந்தது திரும்ப வராது கண்ணுகளா,
உங்கள் உடம்போ
அதிரசம் காலியாகும் முன்பே வந்துவிடும்.
அதனால்தான் எல்லோருக்கும்
உள்ளே ஒன்றரை இஞ்ச் விட்டுத் தைக்கிறேன்.
இதைச் சொல்லவில்லை. வாயில் ஊசி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ப்ரமிளா
விருந்தாளிச் சீட்டு ஒன்று கொடுத்து இழுத்துப்போனாள்.
மகனின் டிராக் பேன்ட், மேலே சுடிதார் டாப்.
"ஒரு இஞ்ச் மேலே, ஒரு இஞ்ச் கீழே, அவ்வளவுதான்"
என்றது மைக் மாட்டிய பெண்.
நான் இறங்கினேன், ஒரு இஞ்ச்.
அவள் இறங்கியது ஒன்றே முக்கால்.
கண்ணாடியில் பார்த்தேன், எல்லோரும் இரண்டு, இரண்டேகால்.
ஊருக்கே துணி வீணாகிறது.
நான் மட்டும் ஒரு இஞ்சிலேயே நின்றேன்.
அதில்தான் நெருப்பு இருந்தது.
தொடை, நூல் கோக்காத மெஷின் மாதிரி
தானாக ஓடியது.
கம்பி நீட்டிவிடலாமா என்று பார்த்தேன்,
செருப்பு எந்த அலமாரியில் என்று மறந்துபோனது.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடமில்லை.
மேல்கம்பியைப் பிடித்தேன்.
ஜெமினி சிக்னலில் வண்டி நின்றபோது
குதிகால் தரையைவிட்டு எழுந்திருந்தது.
எவ்வளவு என்று குனிந்து பார்க்க முடியவில்லை,
கூட்டம்.
கண்டக்டர், "உள்ளே தள்ளி நில்லும்மா" என்றார்.
நான் மெல்ல இறங்கினேன்.
மறுபடி ஏறினேன்.