வெண்கட்டிக் கோடு

பகலில் இந்த லைற் வேலைக்கு உதவாது.
இருட்டட்டும் ரீச்சர் என்றேன்.
ஞானறூபி ரீச்சர் கராச் வாசலில்
பழைய ரயர் ஒன்றின் மேல் பேப்பர் விரித்து இருந்தா.
ரியூட்டரி முடிந்து நேரே வந்தவ.
மடியில் திருத்தாத தாள்கள்.

மாற்றியதெல்லாம் சொன்னா:
பிளக் நாலும், பொயின்ற், கொண்டென்சர், கொயில்,
காபரேற்றர் இரண்டு தரம் கழுவினது,
பெற்றோல் அடிக்கிற இடத்தைக்கூட மாற்றினது.
"கைதடியில விக்கும்.
நாவற்குழி தாண்டினா ஒண்டும் நடக்காத மாதிரி ஓடும்.
ஆரிட்டையும் காட்டக் கொண்டுபோனா
அண்டைக்கு நல்ல பிள்ளை."

மொறிஸ் மைனருக்கு அடையாளம் அடியில்,
கப்பியின் விளிம்பில், அரிசி அளவு ஒரு வெட்டு.
ஊத்தையைச் சுரண்டினேன்.
வெள்ளையாய் ஏதும் பூச வேணும் என்று முடிக்க முதலே
கைப்பையிலிருந்து பாதி உடைந்த வெண்கட்டி வந்தது.

வளையலைக் கழற்றிக் கனிஸ்ரனிடம் கொடுத்துவிட்டு
சாக்கில் படுத்து உள்ளே போனேன்.
அவன் ஸ்ராட் பண்ணினான்.
முதலாம் சிலிண்டர் பொறிக்கும் ஒவ்வொரு தரமும்
லைற் ஒருக்கா மின்னும்.
விசிறி நிற்கும். கப்பி நிற்கும்.
நிமிடத்துக்கு எண்ணூறு சுற்றுச் சுற்றுவது
சுவரில் மாட்டின படம் மாதிரி நிற்கும்.
அந்தப் பொய்யை நம்பித்தான் கனிஸ்ரன்
ஒரு நகத்தைக் கொடுத்தவன்.

எல்லாம் நின்றன, கோட்டைத் தவிர.
ஐந்தைத் தொட்டது. பத்தைத் தாண்டியது.
எட்டில் நடுங்கி, திரும்ப ஐந்து.
ஒழுங்காய் ஆடினால் அதற்கொரு கணக்கிருக்கும்.
இது வாய் திறக்க நினைத்து நினைத்து
விடுகிற ஆளைப் போல.

வக்கூம் குழாயைக் கழற்றி வாயை ஆணியால் அடைத்தேன்.
ஆடியது.
எஞ்சினை நிறுத்தி, டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்து,
கப்பியை முன்னும் பின்னும் கையால் திருப்பினேன்.
"உடன திரும்புது அக்கா" என்றான் மேலிருந்து.
அப்ப செயினில் பிழையில்லை.

பிறகுதான் றோட்டரைக் கழற்றி
தண்டை இரண்டு விரலால் பிடித்துப்
பக்கவாட்டில் தள்ளினேன்.

டக்.

பதினைந்து என்று வைத்த இடைவெளி
இப்படித் தள்ளப் பதினொன்று, அப்படித் தள்ள இருபது.
ஊன்றுகிற கால் ஆட
புதுப் பொயின்ற் பாவம் என்ன செய்யும்?

"இதுக்குள்ள எண்ணெய் எப்ப விட்டனீங்கள்?"
ரீச்சர் தாளிலிருந்து நிமிர்ந்தா.
"தொண்ணூற்றஞ்சில இதிலதான் வன்னிக்குப் போனது.
ஸ்ராட் பண்ண ஒரு மூடி பெற்றோல், மிச்சம் மண்ணெண்ணெய்.
எண்ணெய் கிடைச்சிருந்தா
பிள்ளையளுக்குப் பொரிச்சிருப்பன்."

சாவியை எடுக்கக் குனிந்தபோது
ஸ்ரியறிங்குக்குப் பக்கத்தில் ஒட்டின சின்ன மணிக்கூடு.
அங்கே பழைய நேரம், இங்கே புது நேரம் என்றிருந்த காலத்திலும்
முள்ளைத் தொடவில்லையாம்.
முகமாலையால் திரும்பி வந்த பிறகும்
அரை மணி பிந்தியே ஓடவிட்டு,
வகுப்புக்கு மட்டும் மனதுக்குள் கூட்டிக்கொண்டாவாம்.
இரண்டாயிரத்து ஆறில் நாடு தன் முள்ளைத் திருப்பி வைத்தது.
என் போனோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.
ஏழு பதின்மூன்று.
ஏழு பதின்மூன்று.

புஷ் கடைய கொண்டாவில் லேத்துக்காரர்
ஒன்பது நாள் எடுத்தார், அதிலே மூன்று நாள் கரண்ட் இல்லை.
பத்தாம் நாள் இருட்டினதும் திரும்பச் சாக்கு, திரும்ப லைற்.
கோடு ஐந்தில் வந்து குந்தியது.

"நான் ஒருக்காப் பாக்கலாமோ?"
சேலையைச் செருகிக்கொண்டு ரீச்சர் படுத்தா.
கன நேரம் கதையில்லை.
செருப்பில்லாத இரண்டு பாதம் மட்டும்
பம்பருக்கு வெளியே.
"நிண்டிட்டுது."
"ஓடுது ரீச்சர். கையை வைச்சிடாதேங்கோ."

பில்லில் புஷ், கடைசல், கூலி.
எண்ணெய் இரண்டு துளி, அதை எழுதவில்லை.
காசை எண்ணித் தந்தவ
கார்க் கதவைத் திறந்த பிறகு திரும்பி வந்து
வெண்கட்டியைக் கேட்டா.
கொடுத்தேன்.